நாலு நம்பர் கணக்கு
(நிகழ்தகவு: முதல் பாடம்)



நான் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பள்ளியில் கணிதம் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நம் இயக்கத்தின் இலவச வகுப்பை எடுத்து வருகிறேன். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளும் ஆறாம் படிவப் பிள்ளைகளும் வருவார்கள்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரோட்டுல லாரி கவுந்துருச்சி அண்ணே. எல்லாரும் நம்பர் எழுத ஓடிட்டாங்க. எங்க அப்பாவும் காசு குடுத்து அனுப்பினாரு. கடையில ஒரே கூட்டம்."

லாரிக்காரருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் லாரியின் எண் எல்லாருக்கும் மனப்பாடம்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டேன். பலகையில் அந்த நாலு இலக்கத்தை எழுதி, "இன்னிக்கு இதுதான் பாடம்" என்றேன். அந்த வகுப்பில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியில் 'கெபராங்காலியான்' என்று மலாயில் படிக்கிறீர்களே, அதற்குத் தமிழில் நிகழ்தகவு என்று பெயர். பாடநூலில் பகடையும் பளிங்குக் குண்டும் வரும். நம் வீட்டில் அது நாலு நம்பராக வருகிறது.

1. முதலில் எல்லா வாய்ப்பையும் எண்ணு

ஒரு காசைச் சுண்டினால் இரண்டு விளைவு: தலை, பூ. பகடையை உருட்டினால் ஆறு விளைவு. வரக்கூடிய எல்லா விளைவுகளையும் சேர்த்து வைத்த பட்டியலுக்குக் கூறுவெளி என்று பெயர். எல்லா விளைவும் சம வாய்ப்புள்ளவை என்றால் சூத்திரம் மிக எளிது:

நிகழ்தகவு = நமக்கு வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கை ÷ மொத்த விளைவுகளின் எண்ணிக்கை

பகடையில் 6 விழ நிகழ்தகவு 1/6. இரட்டை எண் விழ 3/6, அதாவது பாதி. நடக்கவே முடியாததற்கு 0. கட்டாயம் நடப்பதற்கு 1. மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நாலு நம்பரில் கூறுவெளி எவ்வளவு பெரியது? முதல் இடத்தில் 0 முதல் 9 வரை பத்து இலக்கம் வரலாம். இரண்டாம் இடத்திலும் பத்து, மூன்றிலும் பத்து, நான்கிலும் பத்து. 10 × 10 × 10 × 10 = 10,000. அதாவது 0000 முதல் 9999 வரை. ஆக, நீங்கள் வாங்கிய ஒரு எண்ணுக்கு முதல் பரிசு விழும் நிகழ்தகவு 1/10,000.

10,000 என்பதை வாயால் சொல்லும்போது அதன் அளவு தெரியாது. தோட்டத்துக் கணக்கில் பார்ப்போம். ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 136 செம்பனை நடுவார்கள். 10,000 மரம் என்றால் 70 ஹெக்டருக்கும் மேல். அதில் ஒரே ஒரு மரத்தில் நான் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். உன் கண்ணைக் கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றி எங்கேயோ இறக்கி விடுகிறார்கள். கை நீட்டித் தொட்ட முதல் மரமே அந்தத் துணி கட்டிய மரமாக இருக்க வேண்டும். முதல் பரிசு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

"முதல் பரிசு மட்டுமா அண்ணே? ஆறுதல் பரிசும் இருக்கே" என்றாள் ஒரு தங்கை. சரியான கேள்வி. ஒரு குலுக்கலில் மொத்தம் 23 எண்களுக்குப் பரிசு: முதல் மூன்று, சிறப்புப் பரிசு 10, ஆறுதல் பரிசு 10. இதில் ஏதாவது ஒன்று விழ நிகழ்தகவு 23/10,000. ஏறக்குறைய 435-இல் ஒன்று. எதுவுமே விழாமல் போக? மொத்தம் 1 என்பதால் கழித்தால் போதும்: 1 − 23/10,000 = 9,977/10,000. இதற்கு நிரப்பு நிகழ்வு என்று பெயர். தேர்வில் "குறைந்தது ஒரு தடவையாவது" என்று கேள்வி வந்தால் இந்த வழியில்தான் போக வேண்டும். கீழே நமக்கும் தேவைப்படும்.

2. பந்துக்கு ஞாபகம் கிடையாது

நம் பெரியவர்கள் எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்? விபத்தான வண்டி எண். கனவு, பாம்பு வந்தால் ஒரு எண், இறந்த பாட்டி வந்தால் ஒரு எண் என்று சொல்லும் சீனர் புத்தகம் கூட உண்டு. அருள் வந்து ஆடுபவரிடம் கேட்கும் எண். இன்னொரு வகை, "இந்த நம்பர் ரொம்ப நாளா வரல, இந்த வாரம் கட்டாயம் வரும்" என்பது.

இந்தக் கடைசி வகைதான் கணிதம் தெரிந்தவனையும் ஏமாற்றும். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி மொனாக்கோ நாட்டில், மோண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் நடந்ததைக் கேளுங்கள். சுழலும் சக்கரத்தில் பந்து விழும் ஆட்டம். சிவப்பில் 18 அறை, கறுப்பில் 18 அறை, சுழியத்துக்கு ஒரு அறை. அன்றிரவு பந்து தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. பத்துத் தடவை, பதினைந்து தடவை. "இதுக்கு மேல கறுப்பு வராது, இனி சிவப்புதான்" என்று கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது. கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. மில்லியன் கணக்கான பிராங்க் போனது.

அவர்கள் எங்கே தப்புச் செய்தார்கள்? ஆட்டம் தொடங்கும் முன்னால் "26 தடவை கறுப்பாக வருமா?" என்று கேட்டால், அந்த வாய்ப்பு மிக மிகச் சிறியது. உண்மை. ஆனால் 25 தடவை வந்து முடிந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. இப்போது கேள்வி, "அடுத்த ஒரு தடவை கறுப்பா?" அதற்குப் பதில் எப்போதும் போல 18/37. சக்கரத்துக்கு முந்தின சுற்று ஞாபகம் இல்லை.

இப்படி ஒன்றின் முடிவு மற்றொன்றைப் பாதிக்காத நிகழ்வுகளைச் சாரா நிகழ்வுகள் என்பார்கள். அவை இரண்டும் நடக்க வேண்டுமானால் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். இந்த வாரமும் அடுத்த வாரமும் 1234 முதல் பரிசாக வர 1/10,000 × 1/10,000, அதாவது பத்துக் கோடியில் ஒன்று. ஆனால் இந்த வாரம் 1234 வந்தே விட்டது என்றால், அடுத்த வாரமும் அதே எண் வர வெறும் 1/10,000. பத்து வருஷமாக வராத எண்ணுக்கும் அதே 1/10,000. கவிழ்ந்த லாரிக்கும் அதே. லாரி கவிழ்ந்தது குலுக்கல் பந்துக்குத் தெரியாது.

3. கோயில் உபயச் சீட்டு

"எல்லாத்துக்கும் ஞாபகம் இல்லன்னா, உபயத்துக்குச் சீட்டு எடுக்கிறப்ப எல்லாரும் ஏன் முதல்ல எடுக்கணும்னு சண்டை போடுறாங்க?" என்று ஆறாம் படிவத் தம்பி ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. அங்கே கதை வேறு.

பத்து நாள் திருவிழா, பத்துக் குழு. எந்த நாள் யாருக்கு என்று பானையில் பத்துச் சீட்டுப் போட்டு எடுக்கிறோம். எல்லாருக்கும் பத்தாம் நாள் வேண்டும். முதலில் எடுப்பவருக்கு நிகழ்தகவு 1/10. அவர் எடுத்த சீட்டைப் பானையில் திரும்பப் போடுவதில்லை. அவருக்குப் பத்தாம் நாள் வரவில்லை என்றால், மிச்சம் ஒன்பது சீட்டு, இரண்டாமவருக்கு 1/9. அவருக்கும் வரவில்லை என்றால் மூன்றாமவருக்கு 1/8. இங்கே பானைக்கு ஞாபகம் இருக்கிறது. போன சீட்டு போனதுதான். இவை சார்ந்த நிகழ்வுகள்.

அப்படியானால் கடைசியில் எடுப்பது நல்லதா? இல்லை. இரண்டாமவருக்குப் பத்தாம் நாள் கிடைக்க வேண்டுமானால், முதலாமவர் அதைத் தவற விட வேண்டும் (9/10), பிறகு இவர் எடுக்க வேண்டும் (1/9). பெருக்குங்கள்: 9/10 × 1/9 = 1/10. மூன்றாமவர்: 9/10 × 8/9 × 1/8 = 1/10. யார் முதலில் எடுத்தாலும் யார் கடைசியில் எடுத்தாலும் 1/10 தான். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் வரிசைச் சண்டை வந்தால் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். கமிட்டிக்கு அரை மணி நேரம் மிச்சம்.

வித்தியாசம் புரிந்ததா? பானையில் சீட்டுக் குறையும்போது வாய்ப்பு மாறும். குலுக்கல் எந்திரத்தில் ஒவ்வொரு முறையும் எல்லா இலக்கமும் திரும்ப உள்ளே போய்விடும், எதுவும் மாறாது. "ரொம்ப நாளா வரல" என்று சொல்பவர்கள் பானையின் கணக்கை எந்திரத்துக்குப் போடுகிறார்கள்.

4. "ஆனா அவங்களுக்கு அடிச்சதே!"

லாரி நம்பர் எழுதப் போய் வந்த தம்பி விடவில்லை. "அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா எங்க லயத்துல மாசத்துக்கு ஒருத்தருக்கு அடிக்குது. அது எப்படி?"

அவன் பொய் சொல்லவில்லை. கணக்கே அப்படித்தான் வருகிறது.

ஒரு லயத்தில் 40 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குலுக்கலுக்கு ஒரே ஒரு எண், ஒரு வெள்ளிக்கு வாங்குகிறார்கள். வாரத்துக்குப் புதன், சனி, ஞாயிறு என்று மூன்று குலுக்கல், வருஷத்துக்கு 156. மொத்தம் 40 × 156 = 6,240 தடவை. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது பரிசு விழ 23/10,000. பெருக்கினால் வருஷத்துக்குச் சராசரி 14 தடவை. மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல்!

இப்போது ஒரு வீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தில் ஒரு தடவை கூட அடிக்காமல் போக நிகழ்தகவு 0.9977-ஐ 156 தடவை தன்னாலேயே பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.70. அதாவது பத்து வீட்டில் ஏழு வீட்டுக்கு வருஷம் முழுக்க ஒன்றுமே இல்லை.

அடித்தவர் வீட்டில் கோழி அடித்துக் கறிச்சோறு போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வெள்ளி கிடைக்கும். செய்தி லயம் முழுக்கப் பரவும். அடிக்காத வீட்டில் யாரும் வாசலில் நின்று "இன்னிக்கும் எனக்கு அடிக்கல" என்று சத்தம் போடுவதில்லை. நம் காதுக்கு வருவது 14 செய்தி. வராதது 6,226 செய்தி. அதனால் நாம் கேட்டதை வைத்தே முடிவு செய்தால் நாலு நம்பர் அடிக்கடி அடிக்கும் என்றுதான் தோன்றும்.

விபத்து எண்ணும் இப்படித்தான். வருஷத்தில் நாட்டில் எத்தனை விபத்து, எத்தனை வண்டி எண்! அதில் என்றைக்கோ ஒன்று பரிசில் வரத்தான் செய்யும். வந்ததை இருபது வருஷம் பேசுவோம். வராததை அடுத்த நாளே மறந்துவிடுவோம்.

5. ஒரு வெள்ளி போட்டால் எவ்வளவு திரும்பும்?

நிகழ்தகவில் அடுத்த படி எதிர்பார்ப்பு மதிப்பு. ஒவ்வொரு பரிசையும் அதன் நிகழ்தகவால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால், நெடுநாள் ஓட்டத்தில் ஒரு தடவைக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும்.

'பிக்' என்று எழுதும் ஒரு வெள்ளிக்குப் பரிசு இப்படி:

முதல் பரிசு: 2,500 வெள்ளி × 1 எண் = 2,500
இரண்டாம் பரிசு: 1,000 × 1 = 1,000
மூன்றாம் பரிசு: 500 × 1 = 500
சிறப்புப் பரிசு: 180 × 10 = 1,800
ஆறுதல் பரிசு: 60 × 10 = 600
மொத்தம்: 6,400 வெள்ளி

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் பெரிய பணக்காரர். 0000 முதல் 9999 வரை எல்லா எண்ணையும் தலா ஒரு வெள்ளிக்கு வாங்கிவிடுகிறீர்கள். செலவு 10,000 வெள்ளி. 23 பரிசும் உங்களுக்கே. அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லை. வரவு 6,400 வெள்ளி. நிச்சயமாக 3,600 வெள்ளி நஷ்டம். ஆக, ஒரு வெள்ளியின் எதிர்பார்ப்பு மதிப்பு 64 காசு. எந்த எண்ணை எழுதினாலும், யார் கனவில் வந்தாலும், 36 காசு கடையிலேயே தங்கிவிடுகிறது.

வாங்குபவருக்குத்தான் அது அதிர்ஷ்டம். விற்பவருக்கு இல்லை. யாக்கோபு பெர்னூலி என்ற கணித அறிஞர் நிறுவிய ஒரு விதி, அவர் இறந்த பிறகு 1713இல் அச்சான நூலில் வந்தது: ஒரு செயலை எவ்வளவு அதிகத் தடவை செய்கிறோமோ, அவ்வளவுக்கு முடிவு சராசரியை நெருங்கும். கோடிக்கணக்கில் சீட்டு விற்பவர்களுக்கு அந்த 36 காசு மாதச் சம்பளம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். கைப்பேசியில் இப்போது சுழலும் சூதாட்டங்களும் இதே கணக்குதான். வித்தியாசம் என்னவென்றால், வாரத்துக்கு மூன்று தடவை இல்லை, நிமிஷத்துக்குப் பத்துத் தடவை.

6. அப்பாவின் நோட்டுப் புத்தகம்

இதை வகுப்பில் சொல்லலாமா என்று முதலில் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

என் அப்பா செம்பனை வெட்டுத் தொழிலாளி. கணக்குத் தெரியாதவர் இல்லை. எத்தனை குலை, உதிர்ந்த பழம் எத்தனை சாக்கு, மழை நாளுக்கு எவ்வளவு பிடித்தம் என்று மனத்திலேயே கூட்டிச் சம்பளச் சீட்டில் தப்புக் கண்டுபிடிப்பார். குடிக்க மாட்டார். நாலு நம்பர் மட்டும் எழுதுவார். ஒரு குலுக்கலுக்கு நாலு எண், எண்ணுக்கு ஒரு வெள்ளி. எழுதிய எண்ணையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வைப்பார். ஆறு வருஷத்து நோட்டு. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தபோது விடுமுறையில் வந்து அதைக் கணக்குப் போட்டேன்.

936 குலுக்கல். 3,744 எண். செலவு 3,744 வெள்ளி. அடித்தது 8 தடவை: ஆறுதல் பரிசு ஐந்து, சிறப்புப் பரிசு மூன்று. வரவு 840 வெள்ளி.

கணக்குப்படி எத்தனை தடவை அடித்திருக்க வேண்டும்? 3,744 × 23/10,000 = 8.6. அப்பாவுக்கு எட்டு. அவர் அதிர்ஷ்டம் கெட்டவர் இல்லை, சராசரி மனிதர். அப்படியானால் வரவு மட்டும் ஏன் 64 காசுக் கணக்குக்கு இவ்வளவு கீழே? அந்த 64 காசில் 40 காசு முதல் மூன்று பரிசில் இருக்கிறது. அது எப்போதோ யாருக்கோ விழுவது. 3,744 எண் வாங்கியும் முதல் மூன்றில் ஒன்று கூட விழாமல் போக நிகழ்தகவு 0.9997-ஐ 3,744 தடவை பெருக்கினால் வரும்: ஏறக்குறைய 0.33. அதாவது அப்பா மாதிரி வாங்கும் மூன்று பேரில் ஒருவருக்கு ஆறு வருஷத்தில் பெரிய பரிசு எதுவும் விழாது. அப்பா அந்த ஒருவர்.

நஷ்டம் 2,904 வெள்ளி. 72 மாதத்தால் வகுத்தால் மாதம் 40 வெள்ளி. அந்த வருஷங்களில்தான் அக்கா பஸ் காசுக்கும் புத்தகக் காசுக்கும் வழியில்லை என்று ஆறாம் படிவத்தை விட்டு ஃபேக்டரி வேலைக்குப் போனாள். பள்ளி பஸ் கட்டணம் மாதம் 40 வெள்ளியை விடக் கொஞ்சம் கூடுதல். நம்பர் எழுதாமல் இருந்திருந்தால் அக்கா படித்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் நிரூபிக்க முடியாது. தோட்டத்தில் பணம் போக நூறு வழி இருந்தது. ஆனால் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதை நான் மறைக்கவும் முடியாது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். முதலில் சொன்னது: "பார்த்தியா, எட்டுத் தடவை அடிச்சிருக்கேன்." எட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்த நாள், எந்த எண், என்ன வாங்கினோம், எல்லாமே. மிச்சம் 3,736 எண்ணில் ஒன்று கூட ஞாபகம் இல்லை. பிறகு கடைசி வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "மாசம் நாப்பது வெள்ளியா?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு அப்பா நிறுத்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிறுத்தவில்லை. நாலு எண் ஒரு எண்ணாகக் குறைந்தது. "ஒண்ணாவது இருக்கட்டும்டா. இல்லன்னா சாயங்காலம் எதை எதிர்பார்க்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. தோட்டத்து மனிதர் அந்த ஒரு வெள்ளிக்கு வாங்கியது எண் மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் தம்பி தங்கைகளே, இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவை முட்டாள் என்று பேசாதீர்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

7. நளன் கற்ற வித்தை

நம் பெரியவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. வள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வைத்தார், 94ஆவது. கள்ளுண்ணாமைக்குப் பின்னால், மருந்துக்கு முன்னால். நளன் சூதாடி நாட்டை இழந்த கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் வருகிறது. தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவாக வந்தது.

அந்த மகாபாரதக் கதையில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. நாட்டை இழந்த நளன், உருமாறி, இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேர் ஓட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். இருதுபன்னன் அதைப் பார்த்த மாத்திரத்தில், இரண்டு கிளைகளில் 2,095 காய் இருக்கிறது என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது! பழங்காலத்தில் சூதாடும் காயாகப் பயன்பட்டதும் தான்றிக் கொட்டைதான். காயை எண்ணும் வித்தையையும் சூதின் இரகசியத்தையும் இருதுபன்னன் கற்றுக் கொடுக்க, அந்த அறிவு வந்ததும் நளனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறான். எண்ணத் தெரிந்தவனைவிட்டுக் கலி போய்விடும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

"அப்போ நளன் திரும்ப ஆடி ஜெயிச்சான்ல அண்ணே? நாமும் கணக்குப் படிச்சு ஜெயிக்கலாமா?" என்று கேட்டார்கள். நளன் ஆடியது திறமைக்கு இடமுள்ள ஆட்டம். நாலு நம்பரில் திறமைக்கு இடமே இல்லை. அங்கே கணக்குச் சொல்லும் ஒரே ஆலோசனை, வெளியே நில் என்பதுதான்.

ஆனால் இருதுபன்னனின் வித்தைக்கு நம் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. கொஞ்சத்தை எண்ணி முழுதையும் மதிப்பிடுவதற்கு மாதிரிக் கணக்கெடுப்பு என்று பெயர். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலை இப்படித்தான் மதிப்பிட்டார். மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் நம் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில். இன்றைக்கும் தோட்டங்களில், சில வரிசை மரங்களில் மட்டும் கறுப்புக் குலைகளை எண்ணி, வரும் மாதங்களில் எத்தனை டன் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். காப்புறுதி, மருத்துவம், வானிலை எல்லாம் இதே நிகழ்தகவில்தான் ஓடுகின்றன. அங்கே சம்பளத்தோடு வேலை இருக்கிறது. 1654இல் பாஸ்கல், பெர்மா என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் சூதாட்டக் கேள்வி ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களில் இருந்துதான் இந்தக் கணிதம் வேகமாக வளர்ந்தது. சூதில் தொடங்கினாலும் அது சூதிலேயே நின்றுவிடவில்லை.

பயிற்சி

1. 'ஸ்மால்' என்று எழுதினால் முதல் மூன்று பரிசு மட்டும்: 3,500, 2,000, 1,000 வெள்ளி. ஒரு வெள்ளியின் எதிர்பார்ப்பு மதிப்பு என்ன?

2. ஒரே எண்ணைப் பத்து வருஷம் (1,560 குலுக்கல்) விடாமல் எழுதுகிறார் ஒருவர். ஒரு தடவையாவது முதல் பரிசு விழ நிகழ்தகவு என்ன?

3. உபயச் சீட்டில் மூன்று குழு எடுத்தும் பத்தாம் நாள் வரவில்லை. நான்காவது குழுவுக்கு நிகழ்தகவு என்ன?

4. 50 மரங்களில் 210 குலை எண்ணினீர்கள். அந்தப் பகுதியில் 4,000 மரம். மொத்தக் குலை எவ்வளவு இருக்கலாம்?

விடைகள்: (1) 6,500 ÷ 10,000 = 65 காசு. (2) 1 − 0.9999-இன் 1,560ஆம் அடுக்கு; ஏறக்குறைய 0.14. (3) 1/7. (4) மரத்துக்கு 4.2 குலை, ஏறக்குறைய 16,800.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடியும்போது மணி எட்டைத் தாண்டியிருந்தது. குலுக்கல் முடிவு கைப்பேசியில் வந்துவிட்டது. லாரி எண் 23-இல் எதிலும் இல்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. 9,977/10,000 என்று ஒரு தங்கை மெதுவாகச் சொன்னாள். லாரி ஓட்டியவருக்குக் கையில் அடி, ஆபத்தில்லை என்று அடுத்த வாரம் விசாரித்து வந்து சொன்னதும் அதே தம்பிதான்.

அடுத்த பாடத்தில் சராசரியும் பரவலும் பார்ப்போம். அதுவரை உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், அனுமதி கேட்டு எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.